நாய்க்குட்டியைக் கூட்டுக்குப் பழக்குவது: மட்டக்களப்பு, அம்பாறை வீட்டாருக்கான கேள்வி பதில்கள்

நாய்க்குட்டியைக் கூட்டுக்குப் பழக்குவது பற்றி எழுதப்படுவதில் பாதி குளிர்நாட்டு வீடுகளுக்கானது. கம்பளம் விரித்த அறை, சாத்திய ஜன்னல், கூட்டின் மேல் தடித்த போர்வை. அதை அப்படியே ஆடி மாதத்து ஆரையம்பதியில் செய்தால் குட்டி அவிந்துபோகும். கீழே உள்ள பதில்கள் நம்முடைய தகரக் கூரையையும் கச்சான் காற்றையும் மாரி வெள்ளத்தையும் மனதில் வைத்து எழுதியவை.

எங்கட வளவு பெரிசு, மதிலும் இருக்கு. நாய் வெளியிலதானே கிடக்கப்போகுது, கூடு எதுக்கு?

வளர்ந்த நாய்க்கு வளவு போதும். எட்டு வாரக் குட்டிக்கு அதே வளவில் ஆபத்து அதிகம். கேற்றுக்குக் கீழால் புகுந்து ரோட்டுக்குப் போகும். தேரையைக் கவ்விவிட்டு வாய் நுரைக்க நிற்கும். கட்டாக்காலி நாய் உள்ளே வந்தால் எங்கே ஓடுவதென்று தெரியாது. இரவில் பாம்பைக் கண்டால் விளையாடப் போகும்.

அதைவிட முக்கியம் தூக்கம். இந்த வயதில் குட்டி ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணித்தியாலம் வரை தூங்க வேண்டும். ஆட்கள் வந்து போகிற, பிள்ளைகள் தூக்கித் தூக்கி வைக்கிற வீட்டில் அதற்கு அந்தத் தூக்கம் கிடைப்பதில்லை. பின்னேரமானால் காலைக் கடித்து, சாரத்தைப் பிடித்து இழுத்துக் குழப்படி செய்கிற குட்டிகளில் பல தூக்கம் கெட்டுத்தான் அப்படிச் செய்கின்றன. ஒதுங்கித் தூங்க ஒரு இடம் கிடைத்ததும் அந்தக் கடி பாதியாகக் குறையும்.

கட்டாயமா என்று கேட்டால், இல்லை. வீட்டில் எந்நேரமும் ஒருவர் இருக்கிறார், குட்டியின் மேல் கண் வைத்திருக்க முடியும் என்றால் கூடு இல்லாமலே நல்ல நாய் வளர்க்கலாம். நம் ஊரில் எத்தனையோ நாய்கள் அப்படித்தான் வளர்ந்தன.

கூட்டுக்குள்ள போட்டு அடைக்கிறது பாவமில்லையா? சங்கிலியில கட்டுறதும் இதுவும் ஒண்டுதானே?

நாள் முழுக்கப் பூட்டி வைத்தால் ஒன்றுதான். இன்னும் மோசம் என்றும் சொல்லலாம். சுவீடனிலும் பின்லாந்திலும் வீட்டில் நாயை வழக்கமாகப் பூட்டிய கூட்டில் வைத்திருப்பதைச் சட்டமே அனுமதிப்பதில்லை. பயணம் போன்ற தேவைகளுக்கு மட்டும்தான் விலக்கு. அமெரிக்காவில் இதே விடயம் மிகச் சாதாரணம். ஆகவே “உலகமே செய்யுது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

“நாய் குகையில் வாழும் மிருகம், அதனால் கூடு அதற்கு இயல்பாகவே பிடிக்கும்” என்கிற பேச்சையும் அப்படியே எடுக்க வேண்டாம். தாய்நாய் குட்டி போட்ட முதல் சில வாரங்களுக்குத்தான் பொந்தும் மறைவும் தேடும். அதன்பிறகு எந்த நாயும் குகைக்குள் குடியிருப்பதில்லை. குட்டிக்குக் கூடு பிடிக்குமா பிடிக்காதா என்பதை நீங்கள் பழக்குகிற விதம்தான் தீர்மானிக்கிறது. சாப்பாடும் தூக்கமும் நிம்மதியும் அங்கே கிடைத்தால் தானாகப் போய்ப் படுக்கும். ஏச்சு விழுந்த பிறகு தள்ளப்படுகிற இடமாக அது இருந்தால், கூட்டைக் கண்டாலே மேசைக்கடியில் ஒளியும். அதனால் தண்டனையாக ஒருநாளும் கூட்டில் போட வேண்டாம். செருப்பைக் கடித்திருந்தாலும் சரிதான்.

சங்கிலியில் கட்டிய குட்டி கால் சிக்கி, கழுத்து நெரிபட்டு, வருகிற நாயிடமிருந்து தப்பவும் முடியாமல் நிற்கும். சிறு குட்டிக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது.

எத்தனை வயதில தொடங்கலாம்?

குட்டி வீட்டுக்கு வந்த நாளிலேயே. ஆனால் எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்து எடுக்க வேண்டாம். கண் திறந்த சில நாளிலேயே “கொண்டு போங்க, இல்லாட்டி வீசப்போறம்” என்று தருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வந்த குட்டிக்குக் கூட்டுப் பழக்கம் பிறகு பார்க்கலாம். முதலில் சூடும் குட்டிக்கு ஏற்ற பாலும் மிருக வைத்தியரும்தான் தேவை. வளர்ந்த நாயையும் பழக்கலாம், கொஞ்சம் கூடுதல் நாள் எடுக்கும்.

என்ன மாதிரிக் கூடு? எவ்வளவு பெரிசு?

உள்ளே தலை இடிக்காமல் நிற்க வேண்டும், ஒரு சுற்றுத் திரும்ப வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். அவ்வளவு போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் குட்டி ஒரு மூலையில் சலம் போய்விட்டு மறு மூலையில் சுகமாகத் தூங்கும். பழக்குவதன் நோக்கமே கெட்டுவிடும்.

கடைக் கூடுகள் அங்குலக் கணக்கில்தான் வரும். பொமரேனியன் போன்ற சின்ன இனத்துக்கு 24, நடுத்தர ஊர் நாய்க்கு 36, லாப்ரடோர், ஜேர்மன் ஷெப்பர்ட் வகைக்கு 42 அங்குல நீளம் அனேகமாகச் சரிவரும். குட்டி வளர வளரக் கூடு மாற்றத் தேவையில்லை. வளர்ந்த பின் வேண்டிய அளவில் ஒன்றை வாங்கி, நடுவில் பலகை வைத்துத் தடுத்து, மாதா மாதம் பலகையைப் பின்னுக்குத் தள்ளினால் சரி.

கடையில் கிடைக்காவிட்டால் வெல்டிங் பட்டறையில் செய்விக்கலாம். பட்டறைக்காரரிடம் மூன்று விடயத்தை வற்புறுத்திச் சொல்லுங்கள். கம்பிகளுக்கு இடையில் குட்டியின் தலையோ தாடையோ நுழையக்கூடாது. ஒரு அங்குலத்துக்கும் குறைவான இடைவெளி நல்லது. வெட்டிய கம்பி முனைகள் எல்லாம் தேய்த்து மழுக்கப்பட வேண்டும். கொக்கி வெளிப்பக்கம், குட்டி மூக்கால் தள்ளித் திறக்க முடியாதபடி.

நம் பக்கத்தில் பலர் செய்கிற வேலை, பழைய கோழிக்கூட்டையோ முயல்கூட்டையோ எடுத்துக் கழுவிப் பயன்படுத்துவது. சுவர் நல்ல வலையாக இருந்தால் பரவாயில்லை. அடியும் கம்பி வலையாக இருந்தால் குட்டியின் பாதம் கீறும், விரல் சிக்கும். மேலே பிளைவூட் துண்டொன்று போட்டே ஆகவேண்டும். துருப்பிடித்த வலை வேண்டாம். காற்றுத் துளை இல்லாத மரப்பெட்டியும் வேண்டாம்.

கூட்டை எங்க வைக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நம் ஊரில் அதிகம் யோசிக்க வேண்டும்.

நாய்க்கு மனிதனைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை வெளியே போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வெளியில் இருக்கிற நாய் எழும்பி நிழலுக்குப் போகும், கிணற்றடியில் குழி தோண்டிப் படுக்கும். பூட்டிய கூட்டில் இருப்பதற்கு அந்த வழி இல்லை. நிழலையும் காற்றையும் நீங்கள்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஆகவே தகரமோ சீற்றோ போட்ட விறாந்தையில் பகலில் பூட்டிய கூடு கூடாது. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் அடிக்கும்போது நிழலில் வீசுகிற காற்றே அனலாக இருக்கும். காலையில் நிழலாக இருந்த மூலை பின்னேரம் மேற்கு வெயிலில் நிற்கும் என்பதையும் பாருங்கள். ஓட்டுக் கூரைக்குக் கீழே, சீமெந்துத் தரையில், எதிரெதிர் ஜன்னல் திறந்த அறைதான் நல்ல இடம். மேசை ஃபேன் ஒன்றை நேரே முகத்தில் அடிக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். கரண்ட் போனால் ஃபேனும் போகும். ஆகவே ஆளில்லாத வீட்டில் ஃபேனை மட்டும் நம்பிக் கூட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டாம். பக் போன்ற சப்பை மூக்கு இனமானால் இரட்டிப்புக் கவனம்.

மூச்சு மிக வேகமாகி, எச்சில் கயிறாக வடிந்து, கால் தள்ளாடினால் வெயில் தாக்கிவிட்டது. உடனே நிழலுக்கு எடுத்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரால் உடம்பு முழுக்க நனைத்து, விசிறிக்கொண்டே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். “கொஞ்சம் ஆறட்டும் பாப்பம்” என்று காத்திருக்கிற விடயம் இல்லை இது.

ஆட்கள் புழங்கும் இடமாகவும் இருக்க வேண்டும். பின்பக்கக் கொட்டிலில் தனியே வைத்தால் குட்டி கத்தத்தான் செய்யும். சாமியறைக்கும் குசினிக்கும் நாய் வரக்கூடாது என்று அம்மம்மா நிற்பார். வைரவருக்கு வடைமாலை சாத்தி, அவருடைய வாகனத்தையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்தான், என்றாலும் அந்தச் சட்டம் அவருடையது. நடுக்கூடத்து மூலை ஒன்றைப் பேசி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாளில என்ன செய்யணும்? எப்படிப் பழக்குறது?

கதவைப் பூட்டுவது கடைசிப் பாடம். கூடு வந்த அன்றே குட்டியை உள்ளே தள்ளிக் கொக்கி போட்டவர்கள்தான் பிறகு “கூட்டக் கண்டாலே ஓடுது” என்று வருகிறார்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் கதவைக் கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிடுங்கள். அது தற்செயலாக மோதிச் சத்தம் போட்டால் குட்டி மிரளும். அவித்த கோழியீரல், முட்டை வெள்ளை, முள் எடுத்த மீன், இப்படி மணக்கிற ஏதாவது ஒன்றைச் சிறு சிறு துண்டாக எடுங்கள். ஒன்றைக் கூட்டுக்கு வெளியே, ஒன்றை வாசலில், ஒன்றைக் கொஞ்சம் உள்ளே போடுங்கள். குட்டி உள்ளே போய் எடுத்துக்கொண்டு வெளியே வரட்டும். தடுக்காதீர்கள், பின்னால் தள்ளாதீர்கள். வெளியே வர முடியும் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை துணிந்து போகும். நீங்கள் பார்க்காத மாதிரி இருக்கும்போது கூட்டுக்குள் ஒரு துண்டை ஒளித்தும் வையுங்கள். அது தானாகக் கண்டுபிடிக்கிறபோது கிடைக்கிற மகிழ்ச்சி பெரிது.

பிறகு நேரச் சாப்பாடு முழுவதையும் கூட்டுக்குள் வையுங்கள். முதலில் வாசலோடு, பிறகு பின்சுவரோடு. இந்த வயதில் நாளுக்கு நான்கு வேளை சாப்பிடும். ஆகவே பாடமும் நாளுக்கு நான்கு தரம் நடக்கிறது. தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

பயமில்லாமல் நின்று சாப்பிடுகிறது என்று கண்டபிறகு, தின்று கொண்டிருக்கும்போது கதவை மெல்லச் சாத்துங்கள். தட்டுக் காலியாக முன் திறந்துவிடுங்கள். அடுத்த தரம் காலியான பிறகு ஐந்து எண்ணும்வரை விட்டுத் திறங்கள். பிறகு பத்து, முப்பது, ஒரு நிமிடம். இந்தக் கட்டத்தில் நீங்கள் பக்கத்திலேயே பாயில் இருக்க வேண்டும். அடுத்து எழும்பி நில்லுங்கள். அடுத்து குசினிக்குப் போய்வாருங்கள். ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல், இடையிடையே குறைத்தும் விடுங்கள். “போகப் போகக் கஷ்டமாகுது” என்று குட்டி கணக்குப் பிடித்துவிடக்கூடாது.

நேரம் பார்த்துச் செய்வது பாதி வேலை. விளையாடிக் களைத்து, சலம் போய் முடித்து, கண் சொருகுகிற நேரத்தில் உள்ளே விட்டால் அப்படியே சுருண்டுவிடும். துள்ளுகிற நேரத்தில் அடைத்தால் கதவைப் பிராண்டும்.

எத்தனை நாள் எடுக்கும் என்றால், சில குட்டிக்கு ஒரு கிழமை, சிலதுக்கு ஒரு மாதத்துக்கும் மேல். பக்கத்து வீட்டுக் குட்டியோடு ஒப்பிட வேண்டாம்.

இரவு முழுக்கக் கத்துது. அயலாக்கள் ஏசுறாங்க. கத்திக் களைக்கட்டும் எண்டு விடலாமா?

விடாதீர்கள். தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் ஒட்டிப் படுத்த குட்டி, வாழ்க்கையில் முதல்தரம் தனியே படுக்கிறது. அது கத்துவது பயத்தில். கத்திக் களைத்துத் தூங்கினால் பழகிவிட்டது என்று நாம் நினைப்போம். அது படித்திருப்பது, கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதை.

கூட்டை உங்கள் கட்டிலுக்கோ பாய்க்கோ பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் பிரச்சினை அந்த இரவே பாதி குறையும். சிணுங்கினால் கம்பிக்கிடையில் விரலை வையுங்கள், மணந்து பார்த்துவிட்டுப் படுக்கும். இரண்டு மூன்று கிழமை கழித்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டை நீங்கள் விரும்பும் இடத்துக்கு நகர்த்தலாம்.

நன்றாகத் தூங்கிவிட்டுத் திடீரென எழும்பிக் கத்தினால் சலம் வந்திருக்கிறது. லைற்றைப் போட்டு ஊரைக் கூட்டாமல், பேசாமல் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போங்கள். டோர்ச் கட்டாயம், முதலில் தரையைப் பாருங்கள். போய் முடித்ததும் மெல்லிய குரலில் ஒரு நல்ல வார்த்தை சொல்லி, திரும்பக் கூட்டுக்குள் விடுங்கள். கொஞ்சினாலோ விளையாடினாலோ நாளைக்கும் அதே நேரத்துக்கு எழும்பும். எட்டு, ஒன்பது வாரக் குட்டிக்கு இரவில் ஒரு தரம், சிலதுக்கு இரண்டு தரம் போகத்தான் வேண்டும். கத்தும்வரை காத்திராமல் அலாரம் வைத்து நீங்களே முந்திக்கொண்டால் இன்னும் நல்லது.

இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடியுங்கள். தண்ணீரைப் படுக்கப்போகும் முன் ஒரு மணித்தியாலம் எடுத்து வைத்தால் போதும். பின்னேரம் முழுக்கத் தண்ணீர் கொடுக்காமல் விடுவது இந்த வெக்கைக்குச் சரிவராது.

ஒரேயடியா எவ்வளவு நேரம் அடைச்சு வைக்கலாம்? நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறம்.

வயதை மாதத்தில் எடுத்து ஒன்றைக் கூட்டினால், அதுதான் சலத்தை அடக்கக்கூடிய மணித்தியாலத்தின் உச்சம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணித்தியாலம். உச்சம் என்பதைக் கவனியுங்கள். விழித்திருக்கும் பகலில் அதற்கும் குறைத்தே வையுங்கள். ஆறு மாதமானாலும் பகலில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஒரேயடியாக வேண்டாம்.

காலை ஏழரைக்குப் போய்ப் பின்னேரம் ஐந்துக்கு வருகிற வீட்டுக்குக் கூடு மட்டும் பதிலாகாது. அம்மம்மாவோ அடுத்த வீட்டுப் பிள்ளையோ இடையில் வந்து வெளியே விட வேண்டும். அதற்கும் ஆளில்லை என்றால் அறை மூலையில் கோழி வலையாலோ பலகையாலோ ஒரு தடுப்பு அடைத்து, ஒரு பக்கம் கதவு திறந்த கூடு, மறு பக்கம் மணல் தட்டு, நடுவில் தண்ணீர் என்று வைக்கலாம். வீட்டுக்குள் சலம் போகாமல் பழக்குவது கொஞ்சம் தாமதமாகும். ஆனால் குட்டி தன் அழுக்கிலேயே கிடக்காது. இது எதுவும் முடியாது என்கிற வீட்டுக்கு இப்போது குட்டி வேண்டாம் என்பது என் எண்ணம்.

கூட்டுக்குள்ளயே சலம் போயிட்டுது. என்ன செய்ய?

ஏச வேண்டாம். மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்க்கிற பழைய வைத்தியம் வேண்டவே வேண்டாம். அதனால் குட்டி படிப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் அலுமாரிக்குப் பின்னால் போய் இருக்க வேண்டும் என்பதுதான்.

கூடு பெரிதாக இருந்ததா? நேரம் கூடிவிட்டதா? வயிற்றோட்டமோ பூச்சியோ இருக்கிறதா? சலம் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறதா? கடைசி இரண்டுக்கும் மிருக வைத்தியர்தான் பதில். விற்பனைக்காகச் சிறு கூட்டில் அடைத்தே வளர்த்த குட்டிகளுக்குப் படுக்கும் இடத்தைச் சுத்தமாக வைக்கிற இயல்பே மழுங்கிப் போயிருக்கும். அவற்றுக்குப் பொறுமை கூடுதலாக வேண்டும்.

எல்லாக் குட்டிக்கும் முறை இதுதான்: தூங்கி எழும்பியதும், சாப்பிட்டு 15, 20 நிமிடத்திலும், விளையாடி முடித்ததும், படுக்க முன்னும், ஒரே வாசலால், ஒரே மூலைக்குக் கொண்டு போங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். போய் முடித்த அந்தக் கணமே பாராட்டிச் சின்னத் துண்டு ஒன்றைக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்கென்று அதற்கு விளங்காது. போகாவிட்டால் உள்ளே கொண்டுவந்து பத்து நிமிடம் கூட்டிலோ மடியிலோ வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டு போங்கள். வெளியே போய் முடித்த குட்டிக்குத்தான் வீட்டுக்குள் ஓடித்திரிய அனுமதி.

கழுவுவதற்கு வினாகிரி கலந்த தண்ணீர் நல்லது. அமோனியா மணமுள்ள திரவம் சலம் மணப்பது போலவே குட்டிக்குத் தோன்றும், அதே இடத்தைத் தேடி வரும். பினாயில் வகைகள் குட்டியின் பாதத்தையும் நாக்கையும் எரிக்கும்.

கூட்டுக்குள்ள என்ன போடலாம்?

பழைய பருத்திச் சாரத்தை மடித்துப் போடுங்கள். சாக்கு வேண்டாம்: நூல் நூலாகப் பிய்த்து விழுங்கினால் குடல் அடைபடும். துணியையும் கடித்துத் தின்கிற குட்டியென்றால் வெறும் பலகையே போதும், வெக்கைக்கு அதைத்தான் விரும்பவும் செய்யும். தண்ணீர்க் கிண்ணத்தைக் கம்பியில் கொளுவிவிட்டால் கவிழாது.

கழுத்துப்பட்டியைக் கழற்றிவிட்டே உள்ளே விடுங்கள். பட்டி கம்பியில் கொளுவி நாய்கள் மூச்சடைத்துச் செத்திருக்கின்றன.

எறும்பு நம் ஊரில் பெரிய தொல்லை. சாப்பாடு முடிந்ததும் தட்டை எடுத்துத் தரையைத் துடையுங்கள். கூட்டுக்குக் கால் இருந்தால் நான்கு காலையும் தண்ணீர்ச் சிரட்டையில் வையுங்கள். எறும்புச் சோக்கால் சுற்றிக் கோடு போடுவது ஆபத்து, அது பூச்சிமருந்து, குட்டி நக்கும். நுளம்புத்திரியைக் கூட்டுக்குப் பக்கத்தில் கொளுத்த வேண்டாம். கூட்டின் மேலால், வாய்க்கு எட்டாதபடி நுளம்பு வலை போடுங்கள். நாயின் இதயத்தில் வளர்கிற புழுவை நுளம்புதான் பரப்புகிறது. வலையின் பயன் தூக்கத்தோடு முடிவதில்லை.

பழக்கும்போது நம்மட சோறு கறியே கொடுக்கலாமா?

வெங்காயமும் உள்ளியும் போட்ட கறி வேண்டாம், இரண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். சொக்லேட், முந்திரிகைப்பழம் (திராட்சை), அதன் வற்றல் நஞ்சு. கருவாட்டில் உப்பு அதிகம். சமைத்த கோழி எலும்பு சிராயாக உடைந்து குடலைக் குத்தும். பசுப்பால் பல குட்டிக்கு வயிற்றோட்டம் தரும். உப்பில்லாமல் அவித்த இறைச்சி, முள்ளில்லாத மீன், முட்டை, சோறு போதும்.

வீட்டில சின்னப்பிள்ளைகள் இருக்காங்க.

ஒரே ஒரு சட்டம் போடுங்கள்: குட்டி கூட்டுக்குள் இருந்தால் யாரும் தொடக்கூடாது, கம்பிக்குள்ளால் குச்சி விடக்கூடாது, பிள்ளைகள் உள்ளே புகுந்து விளையாடவும் கூடாது. பிள்ளைகளை விட வீட்டுக்கு வருகிற மாமாமாருக்குத்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

குட்டியின் பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், சின்னக் காயம்தானே என்று மஞ்சள் பூசிவிட்டு இருக்க வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய் நோய் வெளித்தெரிந்த பிறகு வைத்தியம் இல்லை.

பக்கத்து வீட்டார் முஸ்லிம் ஆக்கள். நாய் உள்ள வீட்டுக்கு வரத் தயங்குறாங்க.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கும் வேலிக்கு வேலி ஒன்றாக வாழ்கிறோம். ஷாபிஈ என்கிற இஸ்லாமியச் சட்ட வழி நடப்பவர்களுக்கு நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். தொழப் போகிற உடுப்பில் குட்டி பாய்ந்து நக்கினால் அவர்களுக்கு எவ்வளவு சிரமம் என்று யோசியுங்கள். கேற்றில் குரல் கேட்டதும் குட்டியைக் கூட்டுக்குள் விட்டு, கடிக்க ஏதாவது கொடுத்துவிட்டுப் போய்த் திறங்கள். நாளடைவில் ஆள் வந்தால் தானாகக் கூட்டுக்கு ஓடும் நாய்களும் உண்டு. நாய்க்குப் பயந்த ஆட்கள் வந்தாலும் இதே வழிதான்.

கோயில் திருவிழா, வெடிச் சத்தம், இடி. இதுக்குக் கூடு உதவுமா?

நன்றாகப் பழகிய கூடு உதவும். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் சடங்குக்கு ஒலிபெருக்கி கட்டினால், அல்லது ஐப்பசியில் இடி தொடங்கினால், கூட்டை ஜன்னலிலிருந்து தள்ளிவைத்து, மூன்று பக்கத்தையும் மெல்லிய துணியால் மறைத்து, காற்றுக்கு ஒரு பக்கம் திறந்துவிடுங்கள். ஃபேன் சத்தமும் ரேடியோவும் வெளிச் சத்தத்தைக் கொஞ்சம் மூடும். கதவைப் பூட்ட வேண்டாம். நடுங்குகிற நாயைப் பூட்டினால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும்.

மாரியில என்ன செய்றது?

கார்த்திகையிலிருந்து தை வரை மழைதான். நனைய மறுக்கிற குட்டிக்குத் தாழ்வாரத்தில் மணல் நிரப்பிய தட்டு ஒன்று வையுங்கள். முற்றத்தில் வழக்கமாகப் போகும் இடத்து மணலையே கொஞ்சம் அள்ளிப் போட்டால் விளங்கிக்கொள்ளும். கூட்டை இரண்டு கல்லின் மேல் தூக்கி வையுங்கள், ஈரத்துணியைத் தினமும் மாற்றுங்கள்.

வெள்ளம் வந்தால்தான் கூட்டின் முழுப் பயனும் தெரியும். 2011 ஜனவரியில் இரண்டு மாவட்டமும் மூழ்கியது போல ஒரு நிலை வந்து, பாடசாலைக்கோ உறவினர் வீட்டுக்கோ போக வேண்டியிருந்தால், கூட்டில் அமைதியாக இருக்கத் தெரிந்த நாயைக் கொண்டுபோக முடியும். தெரியாததைப் பலர் விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். எவ்வளவு அவசரம் என்றாலும் தண்ணீர் ஏறும் வீட்டில் கூட்டையோ சங்கிலியையோ பூட்டியபடி விட்டுப் போக வேண்டாம்.

வெள்ளத் தண்ணீரிலும் வயல் நீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், அது நாய்க்கும் வரும். தடுப்பூசி போடும்போது அதையும் கேளுங்கள்.

தடுப்பூசி முடியும்வரை வெளியில கொண்டுபோகக் கூடாது எண்டு சொல்றாங்களே, பிறகு எங்க சலம் போக விடுறது?

உங்கள் சொந்த முற்றத்தில், தெருநாய் வராத மூலையில். பார்வோ என்கிற வயிற்றோட்ட நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ரோட்டோரமும் கடற்கரையும் அதனால்தான் ஆகாது. பார்வோவுக்கும், டிஸ்டெம்பர் என்கிற இன்னொரு தொற்றுநோய்க்கும் போடுகிற ஊசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தரம், 16 வாரம் வரை போகும். விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. எப்போது, எங்கே என்று உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள்.

அதற்காகக் குட்டியைப் பதினாறு வாரமும் வீட்டுக்குள் மூடி வைக்கவும் கூடாது. உலகத்தைப் பயமில்லாமல் பார்க்கப் பழகும் பருவமும் இதுதான். தூக்கிக்கொண்டு போய் சந்தை, பஸ், மாடு, தலைக்கவசம் போட்ட ஆட்கள் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். கூடு பழகிய குட்டியை ஓட்டோவில் வைத்தியரிடம் கொண்டுபோவதும் சுலபம். கூட்டை ஆடாமல் கட்டி, புறப்பட இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தினால் சத்தி எடுக்காது.

எல்லாம் செய்தும் கம்பியைக் கடிச்சு, நகத்தைப் பிச்சு, எச்சில் வழிய நிக்குது.

நிறுத்துங்கள். தனிமையைத் தாங்க முடியாத நாய்களும், முன்பு எங்கோ அடைபட்டு வதைபட்ட நாய்களும் உண்டு. அவற்றுக்கு இந்த வழி ஒத்துவராது. “இன்னும் கொஞ்ச நாள் விட்டா சரியாகும்” என்று விட்டால் பல்லும் நகமும்தான் போகும். தடுப்பு அடைத்த அறை மூலையை முயன்று பாருங்கள், மிருக வைத்தியரிடமும் சொல்லுங்கள். சாதாரணச் சிணுங்கல் இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்கிப்போகும். பதற்றம் ஏறிக்கொண்டே போகும். வித்தியாசத்தை அப்படித்தான் பிடிக்க வேண்டும்.

ரோட்டில கிடந்து எடுத்த ஊர்க்குட்டிக்கும் இதெல்லாம் சரிவருமா?

சரிவரும். என் அனுபவத்தில் ஊர்க்குட்டிகள் விலை கொடுத்து வாங்கிய பல குட்டிகளை விட வேகமாகப் பிடித்துக்கொள்கின்றன. சாப்பாட்டின் அருமை தெரிந்தவை. முதலில் உண்ணி எடுத்து, பூச்சிமருந்து கொடுத்து, வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டு கிழமை தள்ளி வையுங்கள்.

எப்ப வரைக்கும் கூடு தேவை?

வீட்டுக்குள் சலம் போகாமல், கண்டதைக் கடிக்காமல் இருக்கிறது என்று நம்பிக்கை வந்தால் கதவைத் திறந்தே விடலாம். பெரும்பாலும் ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் அது நடக்கும். முதலில் நீங்கள் வீட்டில் இருக்கும்போது, பிறகு கடைக்குப் போய்வரும் நேரத்துக்கு, பிறகு இரவுக்கு என்று ஒவ்வொன்றாக விடுங்கள். கதவைக் கழற்றிய பிறகும் அதே கூட்டில் போய்ப் படுக்கிற நாய்கள் அதிகம். இடம் இருந்தால் எடுக்காதீர்கள்.

வேற வீட்டார் பாவிச்ச கூட்டை வாங்கலாமா?

வாங்கலாம். ஏன் விற்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த வீட்டில் குட்டி வயிற்றோட்டத்தால் செத்திருந்தால் மரக்கூட்டை வாங்கவே வேண்டாம், மரத்துக்குள் போன கிருமியைக் கழுவி எடுக்க முடியாது. கம்பிக்கூட்டையும் பிளாஸ்டிக் தட்டையும் முதலில் சவர்க்காரத்தால் அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவி, பிறகு ஒரு பங்கு வீட்டுப் பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பூசிப் பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயப் போடுங்கள். பிளீச்சிங் மணம் முழுக்கப் போன பிறகுதான் குட்டியை உள்ளே விட வேண்டும். கொக்கியையும் ஒரு தரம் ஆட்டிப் பாருங்கள்; பழைய கூட்டில் முதலில் தேய்ந்துபோவது அதுதான்.